என் மேசையில் ஒரு திங்க்பேட் டி60

இந்தப் பதிவைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பது 2006இல் வெளிவந்த திங்க்பேட் டி60 லேப்டாப்பில். மூடியில் ஐ.பி.எம். என்று மூன்று நிறத்தில் போட்டிருக்கும், ஆனால் செய்தது லெனோவோ. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இத்தனை பழசை எதற்கு இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறாய்? அழவே இல்லை, சந்தோஷமாகத்தான் வைத்திருக்கிறேன். ஏன் என்று ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒருமுறை உட்கார்ந்து முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இது என் கைக்கு வந்தது பெரியப்பா மூலமாக. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் பக்கத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழில் நடக்கிற ஊர்களில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்து போவது சகஜம். வருகிறவர்கள் கையில் இந்தக் கறுப்புப் பெட்டிதான் இருக்கும், அதைப் பார்த்து இங்கே இருக்கிற அலுவலகங்களும் வாங்கின. சில வருஷம் கழித்துப் புது மெஷின்கள் வந்ததும் பழசையெல்லாம் வேலை செய்கிறவர்களுக்கே குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். பெரியப்பா ஒன்றை வாங்கி, "எனக்கு எதுக்குடா இது, நீ எழுதுறவன், நீயே வெச்சுக்கோ" என்று என்னிடம் தந்துவிட்டார். அவர் சொன்ன "எழுதுறவன்" என்ற சொல்தான் இந்த மெஷினுக்குப் பொருத்தமானது. எழுதுகிறவர்களுக்காகவே செய்த கம்ப்யூட்டர் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

முதலில் கீபோர்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏழு வரிசை. இன்று கடையில் கிடைக்கும் லேப்டாப்களில் ஆறு வரிசைதான், பட்டன்கள் தட்டையாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, அமுக்கினால் அமுங்கியதே தெரியாமல் இருக்கும். இதில் ஒவ்வொரு பட்டனும் விரல் நுனி உட்காருகிற மாதிரி நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். அமுக்கும்போது முதலில் ஒரு சின்ன எதிர்ப்பு, அதைத் தாண்டினால் சட்டென்று இறங்கி, விரலை எடுப்பதற்குள் மேலே வந்துவிடும். எழுத்து விழுந்ததா என்று திரையைப் பார்க்கவே வேண்டாம், விரலே சொல்லிவிடும். எஃப் வரிசை பட்டன்கள் நான்கு நான்காகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஹோம், எண்ட், பேஜ்அப், பேஜ்டவுன், டெலீட் எல்லாம் வலது மேல் மூலையில் தனிக் கூட்டமாக இருக்கும், எதற்கும் இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கத் தேவையில்லை. எண்டர் மட்டும் நீலம்.

நான் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறவன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வகுத்து, தமிழ்நாடு அரசு அந்த ஆண்டே தரமாக ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, அதிகம் புழங்கும் மெய்கள் வலது கைக்கு. அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் புள்ளியைத் தானே போட்டுக்கொள்ளும். இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்வதால் வேகம் பிடித்துவிட்டால் ஒரு தாளக்கட்டு வந்துவிடும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கிற கீபோர்டு கிடைப்பதுதான் கஷ்டம். தமிழில் ஒரு சொல்லே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அளவுக்கு நீளும், "எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காகத்தான்" என்று ஒரே மூச்சில் அடிக்கும்போது நடுவில் ஒரு தட்டு விழாமல் போனால் திரும்பிப் போய்த் திருத்துகிற எரிச்சல் இருக்கிறதே, அது இந்தக் கீபோர்டில் எனக்கு வந்ததே இல்லை.

அதே கீபோர்டின் நடுவில், தமிழ்99 படி பார்த்தால் எ, க, ங மூன்று விசைகளுக்கும் நடுவே, ஒரு சிவப்புக் குமிழ் இருக்கும். ட்ராக்பாயின்ட். இதைக் கண்டுபிடித்தவர் ஐ.பி.எம். ஆய்வாளர் டெட் செல்கர். கீபோர்டிலிருந்து கையை எடுத்து மவுஸுக்குக் கொண்டுபோக முக்கால் நொடி ஆகிறது, திரும்பி வரவும் கிட்டத்தட்ட அவ்வளவே ஆகிறது என்று ஓர் ஆய்வில் படித்தார், அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க முடியாதா என்று யோசித்தார். அந்த யோசனை 1984 வாக்கில் தொடங்கி, பொருளாகச் சந்தைக்கு வந்தது 1992இல். குமிழ் பார்க்க அசைவது போலத் தோன்றினாலும் உண்மையில் அது நகர்வதே இல்லை என்று சொல்லலாம். அடியில் இருக்கும் உணரிகள் விரல் எந்தப் பக்கம் எவ்வளவு அழுத்துகிறது என்று மட்டும் அளக்கும். லேசாக அழுத்தினால் அம்பு மெதுவாகப் போகும், பலமாக அழுத்தினால் ஓடும். சில சமயம் அழுத்தம் இல்லாமலே அம்பு ஒரு பக்கமாகத் தானே நகர ஆரம்பிக்கும், அப்போது விரலை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நொடி சும்மா இருந்தால் தன்னைத் தானே சரிசெய்துகொண்டு நின்றுவிடும். புதுசாகப் பழகுகிறவர்கள் முதல் சில நாள் திண்டாடுவார்கள். பழகிவிட்டால் கை எழுத்துகளை விட்டு நகரவே நகராது. ஒரு வாக்கியத்தை யோசித்துக்கொண்டிருக்கும்போது கை மவுஸைத் தேடிப் போகாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

சரி, வரலாறு. இதைச் சொல்லாமல் இந்தப் பெட்டியின் அழகு முழுசாகப் பிடிபடாது.

ஐ.பி.எம்.மில் அதன் தலைவராக இருந்த தாமஸ் வாட்சன் காலத்திலிருந்தே "சிந்தி" என்று பொருள்படும் "திங்க்" என்ற ஒற்றைச் சொல்தான் தாரக மந்திரம். ஊழியர்களுக்குத் தோல் அட்டை போட்ட சின்னக் குறிப்பேடு கொடுப்பார்கள், அட்டையில் அந்தச் சொல் பொறித்திருக்கும். புது மெஷினுக்குப் பெயர் தேடியபோது டென்னி வெயின்ரைட் என்ற ஊழியர் சட்டைப்பையில் இருந்த அந்தக் குறிப்பேட்டை எடுத்துக் காட்டி திங்க்பேட் என்று வைக்கலாமே என்றாராம். கம்பெனியில் பெயர் வைக்கிற குழுவுக்கு அது பிடிக்கவில்லை, ஐ.பி.எம். பொருள்களுக்கு எல்லாம் எண்தானே பெயர். ஆனால் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. முதலில் 1992 ஏப்ரலில் பேனாவால் எழுதுகிற ஒரு பலகைக் கணினிக்குத்தான் அந்தப் பெயர் வைத்தார்கள். நாம் இன்று திங்க்பேட் என்று சொல்கிற வடிவம் அதே ஆண்டு அக்டோபரில் 700சி என்ற மாடலோடு வந்தது. 25 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர், 120 எம்.பி. ஹார்ட் டிஸ்க், 10.4 இன்ச் வண்ணத் திரை. அந்தக் காலத்தில் லேப்டாப்பில் இவ்வளவு பெரிய வண்ணத் திரை என்பது வாயைப் பிளக்க வைக்கிற சமாச்சாரம். விலை 4,350 டாலர், அன்றைய மதிப்பில் நம் ஒரு லட்ச ரூபாய்க்கும் மேலே.

அதன் வடிவத்துக்குக் காரணம் ரிச்சர்ட் சாப்பர். ஜெர்மனிக்காரர், இத்தாலியில் மிலான் நகரத்தில் இருந்து வேலை செய்தவர், 1972இல் வந்த டிஸியோ மேசை விளக்கை வடிவமைத்தவரும் இவர்தான். ஜப்பானியர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிற கறுப்பு மெருகிட்ட பென்டோ பெட்டியை மனதில் வைத்து இதை யோசித்தார். வெளியே ஓர் அலங்காரமும் இல்லாத கறுப்புச் சதுரம், திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். செய்து முடித்தது ஜப்பானில் ஐ.பி.எம்.மின் யமாத்தோ ஆய்வகம், பொறியியல் பக்கம் அரிமாசா நைட்டோ. மூன்று நாட்டுக்காரர்கள் கை வைத்த பொருள்.

கறுப்பு நிறத்துக்கே பெரிய சண்டை நடந்திருக்கிறது. அப்போது கம்ப்யூட்டர் என்றால் வெளிறிய சாம்பல் அல்லது தந்த நிறம். ஜெர்மனியில் அலுவலகக் கருவிகள் கண்ணை உறுத்தாத வெளிர் நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று தரவிதியே இருந்தது. சாப்பரும் ஐ.பி.எம். வடிவமைப்புத் தலைவராக இருந்த டாம் ஹார்டியும் கறுப்புதான் என்று பிடிவாதமாக நின்றார்கள். சிவப்புக் குமிழுக்கும் இதே கதை. ஐ.பி.எம்.மில் சிவப்பு என்பது பெரிய மெயின்ஃப்ரேம் கணினிகளை அவசரத்துக்கு நிறுத்துகிற சுவிட்சுக்கு மட்டும் உரிய நிறம், வேறு எதற்கும் போடக் கூடாது. இவர்கள் "இது சிவப்பு இல்லை, மெஜன்டா" என்று கணக்கு எழுதி, பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பாக்கிக்கொண்டார்கள். ஒரு நிறத்துக்காக இவ்வளவு மெனக்கெட்டவர்கள் கீபோர்டுக்கும் கீலுக்கும் எவ்வளவு மெனக்கெட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்கப்புறம் நடந்ததில் இரண்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்று, 1993 டிசம்பரில் ஹப்பிள் தொலைநோக்கியைச் சரிசெய்யப் போன எண்டெவர் விண்ணோடத்தில் ஒரு திங்க்பேட் 750சி கூடப் போனது. இன்னொன்று 1995இல் வந்த 701சி, பட்டாம்பூச்சி மாடல். ஜான் கரிடிஸ் என்ற பொறியாளரின் வேலை. கீபோர்டை மூலைவாட்டில் இரண்டு துண்டாக்கி, மூடியைத் திறந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி நகர்ந்து பெட்டியைவிட அகலமாக விரிந்து நிற்கிற மாதிரி செய்தார். சின்னப் பெட்டி, முழு அளவு கீபோர்டு. இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. திரைகள் பெரிதானதும் அந்தத் தந்திரத்துக்குத் தேவை இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் எழுதுகிற கைக்கு இடம் குறையக் கூடாது என்பதற்காக ஒருவர் இவ்வளவு தூரம் போயிருக்கிறார்.

2004 டிசம்பரில் ஐ.பி.எம். தன் பி.சி. தொழிலையே சீனாவின் லெனோவோவுக்கு விற்பதாக அறிவித்தது. பணமும் பங்குமாக 125 கோடி டாலர், மேலே 50 கோடி டாலர் கடன் பொறுப்பு. 2005 மே மாதம் கை மாறியது. கூடவே ஐ.பி.எம். பெயரைச் சில வருஷம் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையும் லெனோவோவுக்குப் போனது. என் டி60 அந்த நடுக்காலத்தில் பிறந்தது, அதனால்தான் மூடியில் ஒரு பெயர், அடியில் இன்னொரு பெயர். டி வரிசையில் விண்டோஸ் பட்டனோடு வந்த முதல் திங்க்பேடும் இதுதான், ஐ.பி.எம். தன் காலத்தில் அதைப் போடவே மாட்டேன் என்று இருந்தது. கைமாறினதும் தரம் போய்விடும் என்று அன்று எல்லாரும் பயந்தார்கள். டி60 அந்தப் பயத்துக்குப் பதில் சொன்ன மெஷின் என்பது என் கருத்து. உள்ளே மெக்னீசியச் சட்டம், உலோகக் கீல், மூடியைப் பின்னால் படுக்கிற அளவுக்குச் சாய்க்கலாம், ஒற்றைக் கையால் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினாலும் முனகாது.

நம் ஊரில் இதன் அருமை எனக்கு நன்றாக உறைத்தது கரண்ட் கட் காலத்தில். 2012ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் வேலூர் மாதிரி ஊர்களுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் சர்வசாதாரணம். இன்வெர்ட்டரே சார்ஜ் ஏற நேரம் இல்லாமல் படுத்துவிடும். டி60இல் டிவிடி டிரைவ் இருக்கிற இடத்துக்கு அல்ட்ராபே என்று பெயர், ஒரு நெம்புகோலை இழுத்தால் டிரைவ் வெளியே வந்துவிடும், அந்த இடத்தில் இரண்டாவது பேட்டரி ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். அப்புறம் பின்பக்கத்துப் பெரிய பேட்டரியை மெஷினை அணைக்காமலே கழற்றி, சார்ஜ் ஏற்றின வேறொன்றை மாட்டிவிடலாம். நான் மூன்று பேட்டரி வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி மாற்றி ஓட்டினேன்.

ராத்திரியில் திங்க்லைட். மூடியின் மேல் விளிம்பில் ஒரு சின்ன விளக்கு, கீபோர்டின் மேல் ஒளி விழும். அதைப் போட எஃப்என் பட்டனையும் பேஜ்அப் பட்டனையும் சேர்த்து அமுக்க வேண்டும். முதலாவது இடது கீழ் மூலை, இரண்டாவது வலது மேல் மூலை. கும்மிருட்டிலும் தடவிக் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் நேரெதிர் மூலைகளில் வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட யோசனைதான் என்னை மயக்குவது. மே மாதம், மின்விசிறி நின்று, கொசு மொய்த்து, ஊரே மொட்டை மாடியில் படுத்திருக்க, எனக்கு அந்த மங்கல் வெளிச்சத்தில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வைத்திருந்த தாளைப் படிக்கவும் அந்த வெளிச்சமே போதும், இப்போது வரும் கீபோர்டுக்கு அடியில் எரிகிற விளக்கில் அது முடியாது.

தமிழ் எழுதுவதும் அன்று லேசு இல்லை. இந்த மெஷின் வந்தது விண்டோஸ் எக்ஸ்பியோடு. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும், இல்லை என்றால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிய்ந்து நிற்கும். கண்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குள் போய், சிக்கலான வரிவடிவங்களுக்கான பெட்டியில் டிக் அடித்தால் எக்ஸ்பி சிடியைப் போடு என்று கேட்கும். சிடி யாரிடம் இருக்கும்? பிரவுசிங் சென்டர்களில் இது பெரிய ரோதனை. அதைச் செய்து முடித்து, லதா எழுத்துருவில் முதல் முறையாகத் தமிழ் ஒழுங்காகத் தெரிந்து, தமிழ்த் தட்டச்சு மென்பொருளான இ-கலப்பையை நிறுவி நாமே எழுத ஆரம்பித்தபோது இருந்த குஷி இப்போது போனில் தமிழ் தானாக வருகிற பிள்ளைகளுக்குச் சொன்னால் புரிய வைப்பது கஷ்டம். வலைப்பதிவு எழுதுகிறவர்கள் ஒவ்வொருவரும் அப்போது பாதி மெக்கானிக். இப்போது இதில் விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் வகையான டெபியன் 12 ஓடுகிறது, எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப், தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ் மென்பொருள், நோட்டோ எழுத்துரு. கட்டமும் இல்லை, பிய்ந்த கொம்பும் இல்லை.

மெக்கானிக் என்றதும் அடுத்த விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஒரு கோடையில் ஃபேன் உறுமத் தொடங்கியது. வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, நாற்பது டிகிரியைத் தாண்டின நாளில் மாநிலத்திலேயே அதிகம் என்று செய்தியில் நம் ஊரும் திருத்தணியும்தான் மாறி மாறி வரும். சுற்றி இருக்கிற குன்றுகளின் பாறை ராத்திரிகூட அனலைக் கக்கும். ப்ராசசர் தொண்ணூறு டிகிரியைத் தொட்டது. லாங் பஜார் பக்கம் ஒரு சந்தில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பாயிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"இன்னா தம்பி, இதுக்கு இன்னும் உசுரு கீதா?" என்று கேட்டவர், கையில் வாங்கித் திருப்பிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இத நீயே பிரிக்கலாம் தம்பி, ஒக்காரு, பக்கத்துல இருந்து பாரு. இப்ப வர்றதெல்லாம் பசை போட்டு ஒட்டிட்டு வர்றான், பிரிச்சா ஒடையுது. இதுல பாரு, எந்த ஸ்க்ரூ எதுக்குன்னு அடியில படமே போட்டு கீது."

உண்மைதான். அடிப்பக்கத்தில் ஒவ்வொரு திருகு பக்கத்திலும் சின்னச் சின்னப் படங்கள், கீபோர்டைப் பிடிக்கிற திருகு என்றால் கீபோர்டு படம், மெமரி என்றால் மெமரி படம். முதலில் பேட்டரியைக் கழற்றச் சொன்னார். கை வைக்கிற பலகையை எடுத்ததும் அடியில் மெமரி தெரிந்தது. கீபோர்டைத் திரைப் பக்கமாக லேசாகத் தள்ளித் தூக்கினால் எழுந்துவிட்டது, நாடாவைப் பிடித்து இழுக்காமல் இணைப்பியைப் பிடித்து மேலே எடு என்றார். அதைச் சுற்றி இருந்த சட்டம் வந்ததும் ஃபேன். காற்று வெளியே போகிற செப்புத் தகடுகளுக்கு முன்னால் தூசி கம்பளி மாதிரி திண்டாகப் படிந்திருந்தது, சிமிட்டாவால் பிடித்து இழுத்தபோது ஒரே துண்டாக வந்தது. ப்ராசசர் மேல் இருந்த, சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் காய்ந்து, விரல் பட்டதும் விபூதியாக உதிர்ந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, அரிசி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மாட்டினோம். சூடு அறுபதுகளுக்கு இறங்கிவிட்டது.

அன்றிலிருந்து நானே பிரிக்கிறேன். இதற்கென்று ஒரு பராமரிப்புக் கையேடு உண்டு, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். எந்தப் பாகத்தை எந்த வரிசையில் கழற்ற வேண்டும், எந்த ஓட்டைக்கு எத்தனை நீளத் திருகு என்று படத்தோடு இருக்கும். பாகங்கள் மேலேயே எண் ஒட்டியிருக்கும், அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் போதும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடி எடுத்துக் கொடுப்பார்கள். ப்ராசசர்கூட இதில் மதர்போர்டு என்ற முக்கியப் பலகையோடு பற்றவைத்தது கிடையாது, சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், தட்டை முனை ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்றுத் திருப்பினால் கையோடு வரும். எனக்கு வந்தது 32 பிட் கோர் டுவோ டி2400. மெஷின் எழும்போது முதலில் ஓடுகிற பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு கோர் 2 டுவோ டி7200 மாட்டினேன். 64 பிட் ஆகிவிட்டது, இன்றைய லினக்ஸ் வகைகளில் பலவற்றுக்கு அது வேண்டும். ஹார்ட் டிஸ்க் இணைப்பு இன்றும் புழங்குகிற சாட்டா வகை என்பதால், சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கிற சாதாரண 2.5 இன்ச் எஸ்எஸ்டி அப்படியே பொருந்திவிட்டது. பழைய டிஸ்க்கை எடுத்து எஸ்எஸ்டி போட்ட அன்று வேறு மெஷின் மாதிரி ஆகிவிட்டது.

வாங்கியவனே திறந்து சரிசெய்துகொள்ளட்டும் என்று நம்பிச் செய்த பொருள் இது. அந்த மரியாதை இப்போது குறைந்துவிட்டது. மெமரியைப் பலகையோடு பற்றவைக்கிறார்கள், பேட்டரியைப் பசையால் ஒட்டுகிறார்கள், ஒன்று போனால் எல்லாம் போச்சு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றதும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ லேப்டாப்கள் பழசு என்ற பட்டியலுக்குப் போய்விட்டன. நம் வீடுகளிலும் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பேட்டரி செத்து அலமாரியில் கிடக்கின்றன. 2011 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது பல குடும்பங்களில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். அவற்றில் பலதையும் ஒரு எஸ்எஸ்டியும் ஒரு லேசான லினக்ஸும் போட்டு எழுப்பிவிடலாம், தூக்கிப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன்னால் தயவுசெய்து ஒருமுறை திறந்து பாருங்கள்.

இதில் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். மெமரி 4 ஜிபி போட்டாலும், அதை ப்ராசசரோடு இணைக்கிற சிப்செட்டின் கண்ணில் 3 ஜிபிதான் படும். பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். யூடியூப் வீடியோவை விரித்துக் கொடுக்க உள்ளே தனி வசதி இல்லை, எல்லாவற்றையும் ப்ராசசரே சுமக்க வேண்டும், பெரிய அளவில் பார்த்தால் திக்கும். கேமரா இல்லை. வைஃபை கார்டை மாற்றலாம் என்று வேறொன்றைப் போட்டால் 1802 என்று ஒரு பிழை எண்ணைக் காட்டி மேலே போகவே விடாது, பயாஸ் தனக்குத் தெரிந்த கார்டுகளை மட்டுமே ஏற்கும். இது ஒன்றுதான் இந்த மெஷினின் மேல் எனக்கு இருக்கிற நிஜமான வருத்தம், மற்ற எல்லாவற்றையும் திறந்து வைத்தவர்கள் இதை மட்டும் ஏன் பூட்டினார்கள்? திரைக்குப் பின்னால் இருப்பது குழல் விளக்கு, எல்ஈடி இல்லை. வயதானதால் காலையில் போட்டதும் லேசாகச் செம்மை பூத்து, சில நிமிஷம் கழித்துத்தான் வெண்மைக்கு வரும். ஆனால் 4க்கு 3 என்ற அந்தச் சதுரவாக்குத் திரையில் ஒரு பக்கம் எழுத்து எவ்வளவு பாந்தமாக உட்காருகிறது என்று பார்த்தால் இன்றைய அகலத் திரைகள் படம் பார்க்கச் செய்தவை என்பது தெரிந்துவிடும்.

இந்தப் பழைய உடம்பின் மேல் ஆசை எனக்கு மட்டும் இல்லை. சீனாவில் 51என்பி என்ற ஆர்வலர் குழு, டி60இன் சின்னத் தம்பிகளான எக்ஸ்60, எக்ஸ்61 பெட்டிகளுக்குள் பொருந்துகிற மாதிரி புது மதர்போர்டே வடிவமைத்து, ஐந்தாம் தலைமுறை இன்டெல் ப்ராசசர் வைத்து எக்ஸ்62 என்று பெயரிட்டு விற்றது. கீபோர்டும் பெட்டியும் பழசு, உயிர் புதுசு. லெனோவோவே 2011இன் எக்ஸ்220, டி420 வரைதான் ஏழு வரிசையை வைத்திருந்தது, 2012இல் எடுத்துவிட்டது. எத்தனையோ பேர் விடாமல் கேட்டதில் 2017இல் இருபத்தைந்தாம் ஆண்டு நினைவாகத் திங்க்பேட் 25 என்ற ஒரே மாடலில் ஏழு வரிசையைத் திரும்பக் கொண்டுவந்தது, அதோடு நிறுத்திவிட்டது.

யாருக்காவது ஒன்று வாங்கிப் பார்க்கலாம் என்று ஆசை வந்தால், செகண்ட்ஸ் கடையில் முதலில் கீபோர்டைப் பாருங்கள், எல்லாப் பட்டனும் ஒரே மாதிரி எழுகிறதா என்று தட்டிப் பாருங்கள். கீபோர்டுகளிலேயே சில கம்பெனி தயாரிப்பு உண்டு, என்எம்பி செய்தது கிடைத்தால் விடாதீர்கள். மூடியைத் திறந்து பாதியில் விட்டால் அப்படியே நிற்க வேண்டும், ஆடினால் கீல் தளர்ந்திருக்கிறது. சார்ஜர் 20 வோல்ட்தான் வேண்டும், அதற்கு முந்தைய டி40 வகைகளுக்கு 16 வோல்ட், கடைக்காரர் கலந்து வைத்திருப்பார். பேட்டரி அநேகமாகச் செத்திருக்கும், அதை ஒரு காரணமாக வைத்து விலையைக் குறையுங்கள். குமிழின் ரப்பர் தொப்பி தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தால் கவலை வேண்டாம், புதுசு சல்லிசாகக் கிடைக்கிறது, சொரசொரப்பாக இருக்கும் வகையை வாங்குங்கள், வியர்வை விரலுக்கு அதுதான் வழுக்காது. பழக்கம் இல்லாதவர்களுக்கு டி60ஐவிட எக்ஸ்220 அல்லது டி420 நல்லது, அதே கீபோர்டு, மெமரி 16 ஜிபி வரை போடலாம், யூடியூபும் ஓடும். என்னைப் போல எழுத மட்டும்தான் என்றால் டி60 போதும். எந்த மாடல் கண்ணில் பட்டாலும் அடியில் இருக்கும் எண்ணைக் குறித்து அனுப்புங்கள், உள்ளே என்ன இருக்கும், எதை மாற்றலாம் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.